சுருக்குப் பையில் ஐந்து லட்சமா?

சந்தையில் ஒரு அம்மா கீரை விற்கிறார். கடை கட்டியதும் வீட்டுக்கு வருவார். அன்றைய சில்லறையைத் தரையில் கொட்டி எண்ணுவார். அவர் எழுதப் படிக்கக் கற்று ஒரு வருடம்தான் ஆகிறது. அதனால் ஒரு பழக்கம் வந்துவிட்டது. காசை எண்ணும்போதே அதில் உள்ள ஆண்டையும் படிப்பார். 1998. 2004. 2011. படிக்கப் படிக்க அவருக்குச் சந்தோஷம்.

ஒரு நாள் மகன் செல்போனோடு ஓடி வந்தான்.

"அம்மா, வைஷ்ணவ தேவி படம் போட்ட அஞ்சு ரூபா காசு இருக்கா? அதுக்கு அஞ்சு லட்சம் தர்றாங்களாம்!"

"போடா! அஞ்சு ரூபாய்க்கு யாராவது அஞ்சு லட்சம் குடுப்பாங்களா?"

"படம் போட்டு வந்திருக்கும்மா. நீயே பாரு."

டப்பாவைக் கவிழ்த்தார்கள். அந்தப் படம் போட்ட காசு இரண்டு கிடைத்தது. அம்மாவின் கை நடுங்கியது. இரண்டு காசு, பத்து லட்சம்! மகளின் கல்யாணக் கடன் அடையும். ஓட்டு வீட்டை மாற்றிக் கட்டலாம்.

மகன் அந்த எண்ணுக்குப் பேசினான். மறுமுனையில் மரியாதையான குரல். "ரிசர்வ் வங்கியிலிருந்து பேசுகிறோம். நாணயத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள்" என்றது. அனுப்பினான். பத்தே நிமிடத்தில் பதில் வந்தது. "உங்கள் நாணயம் தேர்வாகிவிட்டது. பதிவுக் கட்டணம் 1,100 ரூபாய் கட்டுங்கள்." கட்டினார்கள்.

மறுநாள் மறுபடியும் பேசினார்கள். "வரி 6,500 ரூபாய் கட்ட வேண்டும். கட்டிய உடனே பணம் உங்கள் கணக்கில் ஏறும்" என்றார்கள். முத்திரை போட்ட ஒரு கடிதத்தையும் செல்போனில் அனுப்பினார்கள். அம்மா அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். இரண்டு முறை படித்தார். பிறகு மகனிடம் கேட்டார்:

"ஏண்டா, பத்து லட்சம் தர்றவங்க இந்த ஆறாயிரத்து ஐந்நூறை அதுலயே கழிச்சுக்கிட்டு மீதியைத் தரக்கூடாதா?"

மகன் இதையே அவர்களிடம் கேட்டான். "சட்டம் அப்படி" என்றார்கள். அம்மா சீட்டுப் பணத்தைத் தொடவில்லை. காலையில் நேராக வங்கிக்குப் போனார். காசாளரிடம் விஷயத்தைச் சொன்னார். காசாளர் தன் மேசை இழுப்பறையைத் திறந்தார். அதே படம் போட்ட காசு நாலைந்தை எடுத்துக் காட்டினார்.

"அம்மா, இது இங்கே தினமும் வருது. அஞ்சு ரூபாய்க்கு அஞ்சு ரூபாய்தான்" என்றார்.

போன 1,100 ரூபாய் திரும்பி வரவில்லை. பல நாள் கீரை விற்ற லாபம் அது.

இப்படி ஏமாந்தவர்கள் நாட்டில் நிறைய பேர். படித்தவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். அதனால்தான் 2021 ஆகஸ்டு மாதம் ரிசர்வ் வங்கி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. பழைய நாணயம், பழைய நோட்டு வாங்கி விற்கும் வேலையில் ரிசர்வ் வங்கி ஈடுபடுவதில்லை. அதற்குக் கட்டணமோ கமிஷனோ கேட்பதும் இல்லை. தன் பெயரில் கட்டணம் வாங்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவும் இல்லை. இதுதான் அந்த எச்சரிக்கை.

அந்தக் காசில் ஏன் சாமி படம் இருக்கிறது? வைஷ்ணவ தேவி கோயில் வாரியத்தின் 25 ஆண்டு நிறைவுக்காக அரசு வெளியிட்டது அது. ஐந்து ரூபாயிலும் பத்து ரூபாயிலும் வந்தது. தலைவர்களுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் இப்படிப் பல நினைவு நாணயங்கள் வருகின்றன. புழக்கத்துக்கு விட்டவை ஏராளம். படம் புதிதாக இருக்கிறது என்பதற்காக விலை ஏறாது.

பழையது என்பதற்காகவும் ஏறாது. ஓட்டைக் காலணாவைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். நடுவில் ஓட்டை போட்ட செப்புக் காசு. இரண்டாம் உலகப் போர் நடந்தபோது உலோகத் தட்டுப்பாடு வந்தது. உலோகத்தை மிச்சம் பிடிக்க 1943-ல் நடுவே ஓட்டை போட்டு அடித்தார்கள். 1947 வரை அடித்தார்கள். இன்றும் அது பல வீடுகளில் கிடக்கிறது. நிறைய கிடைப்பதால் விலை குறைவுதான். தாமரைப் பூ போட்ட 20 காசும் அப்படித்தான். பித்தளை நிறத்தில் பளபளக்கும். பூஜைக்கென்று பலர் சேர்த்து வைத்தார்கள். அதில் தங்கம் இல்லை.

அப்படியானால் எந்தக் காசுக்கு விலை? உலகத்தில் கொஞ்சமே மிஞ்சியிருக்க வேண்டும். அதைத் தேடுகிறவர் பலர் இருக்க வேண்டும். தேயாமல் நல்ல நிலையிலும் இருக்க வேண்டும். ஒரு பழைய கதையைக் கேட்டால் இது புரியும்.

1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் படம் போட்டு வெள்ளி ரூபாய் வந்தது. மன்னரின் மேலங்கியில் சின்னதாக ஒரு யானை. ஆனால் துதிக்கை குட்டையாக இருந்தது. பார்ப்பவர் கண்ணுக்கு அது பன்றி போலத் தெரிந்தது! மக்களிடம் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அச்சடித்தது சுமார் 94 லட்சம். வெளியே போனது சுமார் 7 லட்சம். மீதியை அரசு உருக்கிவிட்டது. 1912-ல் துதிக்கையைத் தெளிவாகப் போட்டு வேறு ரூபாய் வந்தது. நாணயம் சேர்ப்பவர்கள் இன்றும் அந்த 1911 ரூபாயைத் தேடுகிறார்கள். 1939-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் அதைவிட அரிது. அதனாலேயே அதற்குப் போலியும் உண்டு.

இந்த ரூபாய்கள் சந்தைச் சில்லறையில் வராது. பாட்டியின் பெட்டியில் இருக்கலாம். அங்கேதான் கவனம் வேண்டும். பொய்யான ஐந்து லட்சத்துக்கு ஆசைப்படுகிறவர்கள், வீட்டில் உள்ள உண்மையான வெள்ளியை நூறு இருநூறுக்குக் கொடுத்துவிடுகிறார்கள்!

1939 வரை அடித்த ஒரு ரூபாயின் எடை 11.66 கிராம். அதில் 100-க்கு சுமார் 92 பங்கு வெள்ளி. 1940 முதல் 1945 வரை அடித்த ரூபாயில் பாதிதான் வெள்ளி. 1947-ல் அடித்த ரூபாயில் வெள்ளியே இல்லை. அது நிக்கல். பின்பக்கம் புலி இருக்கும். காந்தம் வைத்துப் பாருங்கள். நிக்கல் ரூபாய் ஒட்டும். வெள்ளி ஒட்டாது. ஆகவே ஆண்டைப் படிக்கத் தெரிந்தால் போதும், உங்கள் ரூபாயில் எவ்வளவு வெள்ளி என்று நீங்களே சொல்லிவிடலாம். விற்பதானால் அன்றைய வெள்ளி விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே கடையில் கொடுத்துவிடாமல் இரண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள்.

பழைய காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். சாம்பலும் வேண்டாம். பளபளப்பு வரும், ஆனால் மேலே உள்ள கோடுகள் தேயும். நாணயம் சேர்ப்பவர் அதற்குக் குறைந்த விலைதான் தருவார்.

மண்ணைத் தோண்டும்போது பழைய காசு கிடைத்தால் சட்டம் வேறு. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் என்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் குற்றம்.

இன்னொரு சங்கடம் கடைகளில் நடக்கிறது. "இந்தப் பத்து ரூபாய் செல்லாது" என்று சிலர் திருப்பிக் கொடுக்கிறார்கள். பத்து ரூபாய் நாணயம் பல வடிவங்களில் வந்திருக்கிறது. 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. 50 காசும் செல்லும். 25 காசும் அதற்குக் கீழே உள்ளவையும்தான் 2011 ஜூன் 30-க்குப் பிறகு செல்லாமல் போயின.

யாராவது இந்த வழியில் உங்களிடம் பணம் வாங்கிவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். இணையம், செல்போன் மூலம் நடக்கும் பண மோசடிக்கான அரசு எண் அது. உங்கள் வங்கியிலும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. கீரைக்கார அம்மாவுக்கு இந்த எண் அப்போது தெரியாது.

அந்த அம்மா இப்போதும் காசைப் படிக்கிறார். ஆண்டுக்குக் கீழே உள்ள சின்னக் குறியையும் பார்க்கிறார். அது காசு பிறந்த ஊரைச் சொல்லும். வைர வடிவம் இருந்தால் மும்பை. நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத். வட்டப் புள்ளி இருந்தால் நொய்டா. எதுவும் இல்லாவிட்டால் கொல்கத்தா. 1990-களின் கடைசியில் சில காசுகள் வெளிநாட்டு ஆலைகளிலும் அச்சாகி வந்தன. அவற்றில் வேறு குறி இருக்கும்.

செய்து பாருங்கள்:

உங்கள் சுருக்குப் பையிலிருந்து பத்துக் காசு எடுங்கள். ஒவ்வொன்றின் ஆண்டையும் ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில் ஊரின் பெயரை எழுதுங்கள். எந்த ஊர்க் காசு உங்களிடம் அதிகம்?