பில்லை மட்டும் நம்பாதீங்க, லேப் என்ன சொல்லுதுன்னு பாருங்க!

சம்பளத்தோட சைடுல இறக்குமதி பிசினஸ் பண்ற ஐடியா இருக்கா? இதைத் தெரிஞ்சுக்கோங்க.

சுங்கச் சட்டம் 1962, பிரிவு 144-ன்படி அதிகாரிகள் சரக்குல சாம்பிள் எடுக்கலாம். அதைச் சோதிக்க டெல்லியில் மத்திய வருவாய் கட்டுப்பாட்டு ஆய்வகமும், துறைமுகங்களில் சுங்க லேப்களும் இருக்கு.

உதாரணம்: காண்ட்லாவுக்கு 'பேஸ் ஆயில்'னு வந்த சரக்கை, டீசல்னு சொல்லிப் பிடிச்சாங்க. டீசலை எல்லாராலும் இறக்குமதி பண்ண முடியாது. ஆனா டீசலுக்கான 21 அளவுகோல்களையும் லேப்கள் முழுசா சோதிக்கலை. பல வருஷம் கழிச்சு, 2025-ல், உச்ச நீதிமன்றம் சந்தேகத்தின் பலனை இறக்குமதியாளருக்குக் கொடுத்தது.

ஜெயிச்சாலும் அத்தனை வருஷம் பணம் முடங்குமே! தடையில்லாத சரக்குன்னா, ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடியே பிரிவு 18-ன்படி பாண்ட் கொடுத்து எடுக்க வழி இருக்கு. ஆனாலும் சப்ளையர்கிட்ட டெஸ்ட் ரிப்போர்ட் வாங்காம அட்வான்ஸ் அனுப்பாதீங்க.