மரமறிந்து மனை அமைத்த மரபு

கவிச்சக்கரவர்த்தி கம்பர் தம் இறுதி நாள்களைக் கழித்த ஊரெனப் போற்றப்படும் நாட்டரசன்கோட்டையில், நகரத்தார் எழுப்பிய வீடுகளுள் நுழைவோர் கண்ணை முதலில் கவர்வது மரமே. கற்பீடத்தின் மேல் நிற்கும் தேக்குத் தூண்களும், திருமகள் உருவம் செதுக்கிய நிலைகளும், உத்தரங்களும் தலைமுறைகள் பல கடந்தும் உறுதி குன்றாது விளங்குகின்றன. இதற்குச் செல்வம் மட்டும் காரணமன்று. மரத்தின் இயல்பறிந்து தேர்ந்த அறிவும் காரணமாகும்.

வைரமும் வெள்ளையும்

உள்ளே வைரம் பாய்ந்தவற்றை மரமென்றும், புறத்தே வைரம் கொண்டவற்றைப் புல்லென்றும் தொல்காப்பிய மரபியல் பகுத்துரைக்கிறது. இது தச்சருக்கும் உதவும் பாகுபாடு. பனையில் புறப்பகுதியே வலியது. ஆதலின் கைமரத்திற்கு அதனையே கொள்வர். தேக்கிலோ நடுப்பகுதியே வலியது. புறத்தேயுள்ள வெள்ளைப் பகுதியில் மாவுச்சத்து மிகுதி. பூச்சி அதனையே முதலில் துளைக்கும். வைரத்தில் ஊறியுள்ள எண்ணெய்ப் பசையோ கறையானை அண்டவிடாது. முதிர்ந்த மரத்தில் வைரம் மிகுதியாகவும் இளமரத்தில் வெள்ளை மிகுதியாகவும் இருத்தலால், பலகையின் நிறத்தையும் ஓரத்தையும் நோக்கியே விலை பேசுதல் வேண்டும்.

பர்மாத் தேக்கின் பக்குவம்

பர்மாக் காடுகளில் தேக்கை உடனே வெட்டுவதில்லை. அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெள்ளையையும் வளையமாக அறுத்து, இரண்டு மூன்று ஆண்டுகள் நின்ற நிலையிலேயே உலரவிடுவர். பச்சைத் தேக்கு நீரில் மிதவாது, உலர்ந்ததே மிதக்கும். யானைகள் இழுத்துவந்த அம்மரங்கள் தெப்பங்களாக ஐராவதி ஆற்றின் வழியே இரங்கூனை அடைந்து, அங்கிருந்து கப்பலேறின. 1942-ல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் நகரத்தாரின் தொழில் அங்கே சிதைந்தது. 2014 ஏப்ரல் முதல் நாளிலிருந்து உருட்டுமர ஏற்றுமதியையும் அந்நாடு தடைசெய்தது.

நீரும் மரமும்

மரம் ஈரத்தை ஏற்று விரியும்; உலர்ந்து சுருங்கும். இம்மாற்றம் நீளத்தில் மிகச் சிறிது, அகலத்திலேயே பெரிது. ஆதலின் கதவின் நடுப்பலகையை இறுக ஒட்டாமல், சட்டத்தின் பள்ளத்துள் சிறிது இடைவெளி விட்டுப் பொருத்துவர். இதனை மறந்து ஆணியால் இறுக்கினால் பலகை பிளந்துவிடும். தூணின் குறுக்குவெட்டு முகம் நீரை விரைந்து உறிஞ்சும்; அதன் அடி மண்ணைத் தொடாதபடி கல்லின்மேல் நிறுத்தியது இது கருதியே.

நனைந்தும் காய்ந்தும் வரும் இடத்திலேதான் மரம் உளுத்துப்போகிறது. முழுதும் நீருள் மூழ்கிய மரத்தில், மட்கச் செய்யும் பூஞ்சைக்குக் காற்றுக் கிடைப்பதில்லை. காஞ்சி வரதராசர் திருக்கோயிலின் அத்திவரதர் அனந்தசரசில் எழுந்தருளியிருந்து, 1979-லும் 2019-லும் அன்பர்க்குக் காட்சி தந்தருளினார். அடியார்க்கு அது பெருமானின் திருவருள். மரநூல் கற்போர்க்கு இவ்வுண்மையையும் நினைவூட்டும் சான்று.

காத்தற்குரியன

பங்காளிகள் பலராகி வெவ்வேறு ஊர்களில் வாழும் இக்காலத்தில், பூட்டிய வீடுகளில் ஓடு ஒன்று விலகினாலும் மழைநீர் உத்தரத்தின் நுனியில் இறங்கும். சில ஆண்டுகளில் அது உளுத்துவிட, வீட்டையே பிரித்து மரத்தை விற்க முற்படுகின்றனர். அவ்வாறு பிரித்த நிலைகளும் தூண்களும் காரைக்குடிக் கடைகளில் விலைபோகின்றன. உளுத்த நுனியை மட்டும் அறுத்தெடுத்து, அதே இனத்துப் பழமரத்தைக் கழுந்தும் துளையுமாக இணைத்தால் உத்தரம் மீளும் என்பதைத் தச்சர் அறிவர். மழைக்கு முன் ஓடு மாற்றுவதற்கு ஆகும் செலவோ அதனினும் சிறிது.

நூறாண்டு நின்று வளர்ந்த மரம், வீட்டில் மேலும் நூறாண்டு நிற்க வல்லது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் கதவைத் திறந்து, கூரையை நோக்கி, ஒழுகலை அடைத்தல் முன்னோர்க்குச் செய்யும் கடனெனவே கொள்ளத்தகும்.