உண்டியல் காத்த கழகம்

1989ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் வசந்தகாலம் தொடங்கியிருந்தது. நகரின் மேற்குப் புறத்திலுள்ள ஃபுட்ஸ்கிரே வட்டாரத்தில் சிவப்பு, வெள்ளை, நீல நிறக் கழுத்துத்துண்டு அணிந்தவர்கள் தகர உண்டியல்களைக் குலுக்கிக்கொண்டு தெருவோரங்களில் நின்றனர். சிலர் வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டினர். வெள்ளமோ காட்டுத்தீயோ அங்கு ஏற்பட்டிருக்கவில்லை. அவர்கள் நிதி திரட்டியது ஒரு காற்பந்துக் கழகத்திற்காக. அதுவும், வெற்றிக் கிண்ணத்தைக் கைப்பற்றி 35 ஆண்டுகள் ஆகிவிட்ட ஒரு கழகத்திற்காக.

அவர்கள் ஆடும் காற்பந்து நாம் அறிந்த காற்பந்து அன்று. ஆஸ்திரேலிய விதிக் காற்பந்து என்று அதனை அழைப்பர். நீள்வட்ட வடிவிலான பரந்த திடலில் அணிக்குப் பதினெண்மர் ஆடுவர். பந்தும் நீள்வட்டமே. அதைக் காலால் உதைக்கலாம், கையில் ஏந்தி ஓடலாம், முட்டியால் குத்தி அணித்தோழருக்கு அனுப்பலாம், ஆனால், எறியக்கூடாது. திடலின் இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள் நிற்கும். நடுவிலுள்ள இரண்டு கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்தால் ஆறு புள்ளிகள், அது கோல். பக்கக் கம்பத்துக்கும் நடுக்கம்பத்துக்கும் இடையே பந்து சென்றால் ஒரே ஒரு புள்ளி. இந்த ஆறுக்கும் ஒன்றுக்கும் உள்ள வேறுபாடு, ஃபுட்ஸ்கிரே மக்களைப் பிற்காலத்தில் நெடுநாள் உறங்கவிடாமல் செய்தது.

ஃபுட்ஸ்கிரே ஒரு தொழிலாளர் வட்டாரம். தொழிற்சாலைகளும் கிடங்குகளும் நிறைந்த அப்பகுதியில், பல நாடுகளிலிருந்து குடியேறியவர்கள் உழைத்து வாழ்ந்தனர். 1925இல் விக்டோரியக் காற்பந்து லீக்கில் சேர்ந்த ஃபுட்ஸ்கிரே கழகம், 1954இல் முதல் முறையாக வெற்றிக் கிண்ணத்தைத் தூக்கியது. அதன் பிறகு தோல்விகளே மிகுதி. இத்தகைய கழகங்களுக்குப் பெரும் செல்வந்தர் எவரும் உரிமையாளராக இருப்பதில்லை. ஆண்டுச் சந்தா கட்டும் உறுப்பினர்களே கழகத்தின் தூண்கள். ஒரு வட்டாரத்தில் வேலைவாய்ப்புக் குறைந்தால் அங்குள்ள கழகத்தின் கல்லாவும் காலியாகும். 1980களின் இறுதியில் அதுதான் நடந்தது. கடன் கழுத்தை நெரித்தது.

அக்டோபர் தொடக்கத்தில் அறிவிப்பு வந்தது. ஃபுட்ஸ்கிரே, அதே நகரின் மற்றொரு நலிந்த கழகமான ஃபிட்ஸ்ராயுடன் இணைக்கப்படும். புதிய அணியின் பெயர் ‘ஃபிட்ஸ்ராய் புல்டாக்ஸ்’. கணக்குப் பார்த்தவர்களுக்கு அது நியாயமான முடிவாகத் தோன்றியிருக்கலாம். இரண்டு ஏழைகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தால் வாடகை மிச்சமாகும் அல்லவா? ஆனால், தந்தையோடும் பாட்டனாரோடும் ஒரே திடலுக்குச் சென்று வளர்ந்தவர்கள் அதை அப்படிப் பார்க்கவில்லை.

ஐரீன் சாட்ஃபீல்ட் என்ற ஆதரவாளர், இணைப்பைத் தடுக்கக் கோரி நீதிமன்றம் சென்றார். அவர் கழகத்தின் தலைவரும் அல்லர். புகழ்பெற்ற ஆட்டக்காரரும் அல்லர். திடலின் ஓரத்தில் நின்று கைதட்டும் பல்லாயிரம் பேரில் ஒருவர். பீட்டர் கோர்டன் என்ற இளம் வழக்கறிஞர் மீட்புப் போராட்டத்திற்குத் தலைமை ஏற்றார். இறுதியில் கழகத்திற்கு மூன்று வார அவகாசம் கிடைத்தது. அதற்குள் 1.5 மில்லியன் ஆஸ்திரேலிய வெள்ளியைத் திரட்ட வேண்டும். இல்லையேல் பெயர் அழியும்.

உண்டியல்கள் தெருவுக்கு வந்த கதை இதுதான். கழகத்தின் பழைய திடலில் ஆயிரக்கணக்கானோர் கூடினர். பெரிய நிறுவனங்களும் பிற்பாடு கைகொடுத்தன என்றாலும், முதலில் நிரம்பியவை தகர உண்டியல்களே. மூன்று வாரத்தில் தொகை சேர்ந்தது. கழகம் பிழைத்தது. ஃபிட்ஸ்ராய்க்கு அந்த நற்பேறு நீடிக்கவில்லை. 1996இல் அது பிரிஸ்பன் நகரக் கழகத்துடன் இணைக்கப்பட்டது.

பிழைத்த கழகம் உடனே வெற்றிகளைக் குவித்ததா? இல்லை. ஆனால், மறு ஆண்டே ஒரு மகிழ்ச்சி கிட்டியது. 163 சென்டிமீட்டர் உயரமே உள்ள டோனி லிபராடோரே என்ற ஃபுட்ஸ்கிரே ஆட்டக்காரர், 1990ஆம் ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கத்தை வென்றார். மலைபோன்ற ஆட்டக்காரர்களுக்கு நடுவே புகுந்து பந்தைப் பறிக்கும் அவரை, அவ்வட்டார மக்கள் தங்களில் ஒருவராகவே கண்டனர்.

1997இல் கழகம் ‘வெஸ்டர்ன் புல்டாக்ஸ்’ என்ற புதிய பெயருடன் களமிறங்கி, இறுதிக்கு முந்திய ஆட்டம் வரை வந்தது. எதிரணி அடிலெய்ட். கடைசிக் கால்பகுதியில் லிபராடோரே உதைத்த பந்து கம்பங்களை நோக்கிப் பறந்தது. கோல் என்று நம்பிய அவர் இரு கைகளையும் உயர்த்தினார். அரங்கத்தில் இருந்தவர்கள் ஆர்ப்பரித்தனர். கோல் நடுவரோ ஒரு விரலை மட்டுமே காட்டினார். ஆறு அன்று, ஒன்று. ஆட்டம் முடிந்தபோது புல்டாக்ஸ் தோற்றது இரண்டே இரண்டு புள்ளிகளில்! அடுத்த ஆண்டும் அதே கட்டத்தில் தோல்வி. பிறகு 2008, 2009, 2010 என அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் இறுதி ஆட்டத்தின் வாசலில் நின்று திரும்பியது.

எப்போதும் கடைசி இடத்தில் இருக்கும் அணியை ஆதரிப்பது ஒருவகையில் எளிது, எதிர்பார்ப்பு இருக்காது. வாசல்வரை வந்து திரும்பும் அணியை ஆதரிப்பதே கடினம்.

இங்கு ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்துக் காற்பந்தில் கடைசி இடங்களைப் பிடிக்கும் கழகங்கள் கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்படும். ஆஸ்திரேலியாவில் அவ்வாறு இல்லை. அங்கே பட்டியலின் அடியில் இருக்கும் கழகத்திற்கே, நாட்டின் சிறந்த இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முதல் வாய்ப்பு வழங்கப்படுகிறது. 1986இல் தொடங்கிய இம்முறையின்படி, பள்ளிப் படிப்பை முடிக்கும் பதினெட்டு வயது இளையர்கள் ஆண்டிறுதியில் ஒருவர் பின் ஒருவராகத் தேர்வு செய்யப்படுகின்றனர். வீட்டிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலுள்ள கழகம் தம்மை அழைத்தாலும் அவர்கள் போகத்தான் வேண்டும்.

நலிந்த கழகத்திற்கு இது ஒரு வரம். ஆனால், அந்த இளையர்களின் தோளில் ஏறும் சுமையோ பெரிது. தோற்றுக் களைத்த ஓர் அணியும், பொறுமை இழந்த ஆதரவாளர்களும் ‘இவன் வந்துவிட்டான், இனி விடிவு பிறக்கும்’ என்று ஒரு பதினெட்டு வயதுப் பையனைப் பார்க்கின்றனர். அவன் உடலே இன்னும் முழுமையாக வளர்ந்திருக்காது.

டாம் பாய்டின் கதையில் இதைத் தெளிவாகக் காணலாம். ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரமுள்ள பாய்ட், 2013ஆம் ஆண்டுத் தேர்வில் நாட்டிலேயே முதலாவதாகச் சிட்னியின் கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி கழகத்தால் தேர்ந்தெடுக்கப்பட்டவர். மறு ஆண்டு புல்டாக்ஸ் 18 அணிகளில் 14ஆவது இடத்தில் முடித்தது. பருவம் முடிந்ததும் அணித்தலைவர் ரயன் கிரிஃபன் கழகத்தை விட்டு விலக விரும்புவதாக அறிவித்தார். பயிற்றுநரும் பதவி விலகினார். மீண்டும் ஒருமுறை கழகம் ஆட்டம் கண்டது. அப்போது தலைவராக இருந்தவர், 1989இல் உண்டியல் போராட்டத்தை நடத்திய அதே பீட்டர் கோர்டன். கிரிஃபனைச் சிட்னிக்கு விட்டுக்கொடுத்து, மாற்றாகப் பத்தொன்பது வயது பாய்டைக் கழகம் பெற்றுக்கொண்டது. ஏழு ஆண்டு ஒப்பந்தம். மதிப்பு ஆறு மில்லியன் வெள்ளிக்கும் மேல் என்று நாளேடுகள் எழுதின.

அதன்பின் பாய்ட் பந்தைத் தவறவிட்ட ஒவ்வொரு முறையும் பேசப்பட்டது அவருடைய ஆட்டம் அன்று, அவருடைய சம்பளம். இத்தனைக்கும் அவருடைய ஆட்டநிலையில் ஆடுபவர்கள் முதிர்ச்சி பெற இருபத்து நான்கு, இருபத்தைந்து வயதாகும் என்பது ஆட்டத்தை அறிந்த எவருக்கும் தெரியும்.

புதிய பயிற்றுநராக வந்தவர் லூக் பெவரிட்ஜ். ஒருகாலத்தில் இதே கழகத்திற்கு ஆடியவர். அவர் இளையர்களைத் துணிந்து களத்தில் இறக்கினார். அவர்களுள் ஒருவர் மார்க்கஸ் பொண்டெம்பெல்லி. மற்றொருவர் 168 சென்டிமீட்டர் உயரமுள்ள கேலப் டேனியல். தலைக்கவசம் அணிந்து ஆடும் அவரே அன்று லீக்கின் மிகக் குள்ளமான ஆட்டக்காரர். டோனி லிபராடோரேயின் மகன் டாமும் அணியில் இருந்தார். இவர்களை வழிநடத்தியவர் அணித்தலைவர் பாப் மர்ஃபி. 2000ஆம் ஆண்டிலிருந்து இக்கழகத்திற்கு மட்டுமே ஆடிவந்தவர். மூன்று முறை இறுதிக்கு முந்திய ஆட்டத்தில் தோற்ற அணியில் இருந்தவர்.

2016ஆம் ஆண்டுப் பருவத்தின் மூன்றாவது சுற்றிலேயே மர்ஃபியின் முழங்கால் தசைநார் அறுந்தது. அவ்வாண்டு முழுவதும் அவர் ஆட முடியாது. காயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அணி ஏழாவது இடத்தில் முடித்து, ஒருவாறு இறுதிச்சுற்றுக்குள் நுழைந்தது. அதுவரை ஏழாவது இடத்திலிருந்து எந்த அணியும் கிண்ணத்தை வென்றதில்லை.

முதலில் தொலைவிலுள்ள பெர்த் நகருக்குச் சென்று வெஸ்ட் கோஸ்ட் அணியை வென்றனர். அடுத்து, தொடர்ந்து மூன்று ஆண்டுகள் கிண்ணம் வென்றிருந்த ஹாதர்ன் அணியை வீழ்த்தினர். இறுதிக்கு முந்திய ஆட்டம் சிட்னியில் நடந்தது. எதிரணி பாய்டின் பழைய கழகம். 1961க்குப் பிறகு ஏழு முறை இக்கட்டத்தில் தோற்ற கழகத்தின் ஆதரவாளர்கள், மெல்பர்னிலிருந்து நெடுஞ்சாலை வழியாகத் திரண்டு சென்றனர். இம்முறை ஆறு புள்ளி வேறுபாட்டில் வெற்றி.

அக்டோபர் 1, 2016. மெல்பர்ன் கிரிக்கெட் திடலில் ஏறக்குறைய நூறாயிரம் பேர் கூடியிருந்தனர். எதிரணி சிட்னி ஸ்வான்ஸ். கடைசிக் கால்பகுதியில் ஆட்டம் எப்பக்கமும் சாயலாம் என்ற நிலை. எதிரணியின் நட்சத்திர ஆட்டக்காரர் லான்ஸ் பிராங்க்ளினை டேல் மோரிஸ் மடக்கிப் பிடித்தார்; பந்து நழுவியது. அது டாம் பாய்டின் கைக்கு வந்தது. கம்பங்களோ வெகு தொலைவில் இருந்தன. பாய்ட் ஓங்கி உதைத்தார். பந்து ஆளில்லாத புல்வெளியில் விழுந்து, துள்ளி, உருண்டது. நீள்வட்டப் பந்து எப்பக்கம் துள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. 1997இல் பார்த்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டனர். பந்து நடுக்கம்பங்களுக்கு இடையே சென்றது. நடுவர் இரண்டு விரல்களையும் நீட்டினார். ஆறு புள்ளிகள்! 89க்கு 67 என்ற கணக்கில் புல்டாக்ஸ் வென்றது. 62 ஆண்டுகளுக்குப் பிறகு கிண்ணம் மேற்குப் புறத்துக்குத் திரும்பியது.

பரிசளிப்பு மேடையில் வெற்றிப் பயிற்றுநருக்குரிய பதக்கத்தைப் பெவரிட்ஜ் பெற்றுக்கொண்டார். அடுத்த நொடியே, ஆடாத அணித்தலைவர் பாப் மர்ஃபியை மேடைக்கு அழைத்தார். தம் கழுத்திலிருந்த பதக்கத்தைக் கழற்றி மர்ஃபியின் கழுத்தில் அணிவித்தார். பிறகு, அன்று அணியை வழிநடத்திய ஈஸ்டன் வூட்டும் பெவரிட்ஜும் மர்ஃபியைச் சேர்த்துக்கொண்டு மூவராகக் கிண்ணத்தை உயர்த்தினர். அடுத்த நாள் பழைய திடலில் மக்கள் கடலெனத் திரண்டனர். 1989இல் உண்டியல் குலுக்கியவர்களுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருந்திருப்பர்.

இத்துடன் கதையை நிறுத்தினால் அது இனிமையாக இருக்கும். ஆனால், முழுமையாக இராது. மறு ஆண்டு, 2017இல், டாம் பாய்ட் களத்திலிருந்து விலகி ஓய்வெடுத்தார். தாம் மனச்சோர்வால் அவதிப்படுவதாகவும் உறக்கமின்றித் தவிப்பதாகவும் வெளிப்படையாகச் சொன்னார். கிண்ணம் வென்ற நாளுக்கு முன்பிருந்தே அந்தப் போராட்டம் இருந்துவந்தது. அரங்கத்தில் ஆர்ப்பரித்த பெரும்பாலோருக்கு அது தெரியாது. அவருடைய சம்பளத்தைப் பற்றி எழுதிய பேனாக்கள் சற்று அமைதியாயின. மீண்டும் வந்து ஆடினார். முதுகுக் காயமும் சேர்ந்துகொண்டது. 2019 மே மாதம், இருபத்து மூன்று வயதில், அவர் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மீதமிருந்தன; அதற்குரிய பெரும் பணத்தை விட்டுவிட்டே அவர் சென்றார்.

பின்னர் அவர் தம் அனுபவத்தை நூலாக எழுதினார். மனநலம் பற்றி மேடைகளிலும் பேசிவருகிறார்.