பட்டிப்பொலவிலிருந்து போட்டிக்குப் போகும் படம்

கடல்மட்டத்திலிருந்து 1,891 மீற்றர் உயரத்தில் அமைந்து இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையமாக விளங்கும் பட்டிப்பொல, ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்குச் செல்லும் வழிகளுள் ஒன்றாகவும் இருப்பதால், உள்ளூர் இயற்கை ஒளிப்படப் போட்டியில் முதன்முறை கலந்துகொள்ள எண்ணுபவருக்கு இதைவிட வாய்ப்பான இடம் மலையகத்தில் அரிது. கொழும்பிலிருந்து வருபவர் இரவெல்லாம் பயணம் செய்தே விடியலுக்குள் இங்கு வந்துசேர வேண்டியிருக்க, தோட்டத்து லயத்தில் வாழும் இளைஞருக்கு அந்த விடியல் வாசலிலேயே கிடைக்கிறது.

ஆனால் வாசலில் கிடைப்பதெல்லாம் ‘இயற்கை’ ஆகிவிடுவதில்லை. ஃபியாப் எனப்படும் சர்வதேச ஒளிப்படக் கலைக் கூட்டமைப்பு உள்ளிட்ட அமைப்புகள் ஏற்றுக்கொண்டுள்ள வரையறை, பயிரிடப்பட்ட தாவரங்களையும் வளர்ப்பு விலங்குகளையும், பொதுவாக மனிதர் ஆக்கியவற்றையும் இயற்கைப் பிரிவிலிருந்து விலக்குவதால், பனி விலகும் தேயிலை மலையும், அம்பேவெல பண்ணைப் பசுக்களும், வளைவில் திரும்பும் ரயிலும் எத்துணை அழகாகப் பதிவானாலும் அப்பிரிவில் தகுதி பெறா. உள்ளூர்ப் போட்டிகள் சில இதனைத் தளர்த்துவதுண்டு. எனவே கமராவை எடுக்குமுன் விதித்தாளை எடுப்பது நல்லது. காட்டுக்குள் சென்றாலும், ‘பார் இன்’ எனப்படும் பூங்காப் பார்வையாளர் நிலையத்தின் அருகே மனிதருக்குப் பழகி நிற்கும் மரையும் உலக முடிவுப் பள்ளத்தாக்கும் நடுவர்கள் பார்த்துச் சலித்த காட்சிகளே.

அவற்றை விடுத்து, இலங்கையின் மலைநாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் காணப்படாத கொம்பு ஓணானைத் தேடலாம். ஆணின் மூக்கு நுனியில் வெண்ணிறக் கூர்ங்கொம்பு நீட்டிநிற்கும். பெண்ணுக்கு அது மிகச் சிறிதாகவோ இல்லாமலோ இருக்கும். ஆள் நெருங்கினாலும் விரைந்தோடாமல் பாசி படர்ந்த கிளையோடு ஒட்டி அசையாதிருக்கும் இயல்பினதாதலால், தொலைவிலுள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும் விலையுயர்ந்த லென்ஸ் இதற்குத் தேவையில்லை. எனினும் நின்றபடி மேலிருந்து எடுத்தால் கொம்பு கிளையோடு கலந்து மறைந்துவிடும் என்பதால், கமராவை ஓணானின் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்து, வெண்கொம்புக்குப் பின்னால் இருண்ட புதர் அமையுமாறு பக்கவாட்டில் நின்று, கண்ணில் குவியம் வைத்து எடுப்பதே பலன் தரும். அதனைப் பிடித்து வசதியான கிளையொன்றில் வைத்து எடுப்பவர்களும் உளர். அதற்குப் பெயர் ஒளிப்படக் கலையன்று, துன்புறுத்தல்.

மூடுபனியில் படமெடுப்பதற்குத் தனிக் கவனம் வேண்டும். கமராவினுள் உள்ள ஒளிமானி, எதிரேயுள்ள காட்சி நடுத்தரச் சாம்பல் நிறமுடையது என்ற அடிப்படையிலேயே வெளிச்சத்தைக் கணிப்பதால், வெண்பனியும், ஜனவரி விடியலில் புல்வெளியில் படியும் உறைபனியும் அழுக்கேறிய வேட்டியின் நிறத்தில் பதிவாகின்றன. கணிக்கப்பட்ட வெளிச்சத்தைக் கையால் கூட்டவோ குறைக்கவோ உதவும் ‘எக்ஸ்போஷர்’ ஈட்டை ஏறத்தாழ ஒரு ஸ்டொப், அதாவது ஒளி இருமடங்காகும் அளவுக்கு, கூட்டினால் வெண்மை திரும்பும்; பல கைத்தொலைபேசிகளில் திரையைத் தொட்டதும் தோன்றும் சூரியக் குறியை மேலே நகர்த்தினால் இதே பயன் கிட்டும். குளிர்ந்த கமராவை அடுப்படிச் சூட்டுக்குள் உடனே கொண்டுசென்றால் லென்சில் நீர் பூக்குமென்பதால், அதனைப் பொலித்தீன் பையில் பொதியுமாறு கைநூல்கள் கூறும். பூங்காவுக்குள் பொலித்தீன் தடைசெய்யப்பட்டு, நுழையும்போதே பைகள் சோதிக்கப்படுவதால், இறுக மூடும் சோற்றுப் பெட்டியே இங்கு பொருத்தம்.

படத்தில் இல்லாததைச் சேர்ப்பதும் இருந்ததை நீக்குவதும் தகுதியிழப்புக்குரியவை. ஓரங்களை வெட்டுவதும் வெளிச்சத்தைச் சீர்செய்வதும் பொதுவாக ஏற்கப்படும். காட்சியையே செயற்கையாக அமைப்பதோ ஏற்கப்படுவதில்லை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் உலகப் புகழ்பெற்ற போட்டியில் 2009இல் முதற்பரிசு பெற்ற ஓநாய்ப் படம், அவ்விலங்கு பழக்கப்பட்டதாக இருக்கக்கூடும் என்ற முடிவால் 2010இல் விலக்கப்பட்டது. 2017இல் அதே போட்டியின் ஒரு பிரிவில் வென்ற எறும்புதின்னிப் படம், பதப்படுத்தப்பட்ட உடலைக் காட்டுவதாகக் கருதப்பட்டு 2018இல் விலக்கப்பட்டது. அதே போட்டியில் 2021இல் பாராட்டுப் பெற்ற ஒரு படத்தையோ, கொழும்பைச் சேர்ந்த 10 வயதுச் சிறுவன் வீட்டு மாடத்திலிருந்தே எடுத்திருந்தான். பட்ட கமுகமரப் பொந்திலிருந்து தலைநீட்டிய கிளிக்குஞ்சுகளே அதன் பொருள். தொலைதூரப் பயணம் இல்லாமலே இத்தகைய படம் அமையுமென்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அச்சுப் படம் கேட்கப்பட்டால் அளவையும் கணக்கிட வேண்டும். 12க்கு 18 அங்குலத் தாளில், அங்குலத்துக்கு 200 புள்ளிகள் என்ற மிதமான தரத்துக்கே 2,400க்கு 3,600 புள்ளிகள் தேவைப்படுவதால், எட்டத்திலிருந்த பறவையை வெட்டிப் பெரிதாக்கிய படம் திரையில் தெளிவாகத் தோன்றினாலும் தாளில் சிதறும். உயிரினத்தின் சரியான பெயரையும் இடத்தையும் குறிப்பில் எழுதுவதோடு, நடுவர்கள் கேட்கக்கூடுமாதலால், கமரா பதிந்த மூலக் கோப்பை முடிவு வெளியாகும்வரை அழிக்காமல் வைத்திருங்கள்.