தூங்குமூஞ்சிப் பட்டம்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், விலங்கியல்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவள் நான் ஒருத்திதான். ஆகவே பட்டம் வாங்கப்போகும் முதல் ஆள் என்று உறவினர் என்னைச் சொல்வதுண்டு. உண்மையில் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே எனக்கு ஒரு பட்டம் வழங்கப்பட்டுவிட்டது. 'தூங்குமூஞ்சி' என்பது அது. வழங்கியவர் என் அக்கா. அதை நான் பெற்ற விதத்தையும், விலங்கியல் படிக்க வந்த பிறகு அது குறித்து எழுந்த ஐயங்களுக்குக் கிடைத்த விடைகளையும் இங்கு எழுதுகிறேன்.

காதர்பேட்டை என்றதும் வெளியூரார்க்குப் பனியன் கடைகள்தாம் நினைவுக்கு வரும். ரயில் நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் கடை வாசல்தோறும் பனியன் பண்டல்கள் அடுக்கியிருக்கும். அக்கடைகளுக்குப் பின்னால் உள்ள சந்துகளில் குடியிருப்பவர்களும் உண்டு. நாங்கள் அப்படி ஒரு சந்தில் இருந்தோம். அக்கா ஒரு சிறு பட்டறையில் ஓவர்லாக் டெய்லர். சாதாரண நாளில் ஒன்றரை ஷிப்டு. காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரைக்கு மேல்தான் வருவாள். சரக்கு அவசரமாகப் போகவேண்டிய நாளில் இரண்டு ஷிப்டு. அன்று அவள் வீடு திரும்ப நள்ளிரவு கடந்து ஒரு மணி ஆகிவிடும்.

அவள் மகனுக்கு அப்போது ஒன்றரை வயது. பகலில் அம்மா பார்த்துக்கொள்வாள். அவசர நாள்களில் அம்மாவையும் செக்கிங் வேலைக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். அப்பாவுக்கு இரவுக் காவல் வேலை. எஞ்சியவள் நான், அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். "அண்ணன் ஒருவன் இருந்தானே?" என்று எங்களை அறிந்தவர்கள் கேட்கலாம். இருந்தான், அன்றும் வீட்டில்தான் படுத்திருந்தான். பகலெல்லாம் பேக்கிங் செய்து களைத்து வருபவனை எழுப்பக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். விடிய ஐந்து மணிக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, பாத்திரம் துலக்கி, பள்ளிக்கும் போய் வருபவளுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை.

அன்று இரவு பத்தரை மணி இருக்கும். சாயங்காலம் தூங்கி எழுந்த பையன் உற்சாகமாக விளையாடிக்கொண்டிருந்தான். நான் இயற்பியல் புத்தகத்தை மடியில் வைத்துச் சுவரில் சாய்ந்திருந்தேன். கண்ணை மூடியது எனக்கு நினைவில்லை. பக்கத்து வீட்டு அத்தை போட்ட சத்தத்தில் விழித்தபோது, பையன் வாசற்படியில் வாயைத் திறந்தபடி நின்றான். அழுகையும் இல்லை, இருமலும் இல்லை. முகம் கறுத்திருந்தது. அத்தை அவனை வாரி எடுத்துத் தொடைமேல் குப்புறச் சாய்த்துத் தலையைத் தாழ்த்தி, முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே பலமாகத் தட்டினார். நான்காவது தட்டிலோ ஐந்தாவது தட்டிலோ ஒரு சிறு பட்டன் வெளியே விழுந்தது. அதன்பின்தான் அவன் அழுதான். அக்கா வீட்டில் வைத்திருந்த பட்டன் பாக்கெட் அறை முழுதும் சிதறிக் கிடந்தது.

மூச்சுக்குழல் முழுவதும் அடைபட்ட குழந்தை சத்தம் போடாது என்பதை அன்றுதான் அறிந்தேன். முதலுதவி நூல்களும் அத்தை செய்ததையே சொல்கின்றன. முதலில் முதுகில் ஐந்து தட்டு. அடைப்பு நீங்காவிட்டால், ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்குப் பின்னாலிருந்து கைகளைச் சுற்றிப் பிடித்துத் தொப்புளுக்கு மேலே உள்நோக்கி மேலாக ஐந்து முறை அழுத்த வேண்டும். இரண்டையும் மாறிமாறிச் செய்ய வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்டதானால் வயிற்றை அழுத்தலாகாது, மார்பின் நடுவே அழுத்த வேண்டும். அதற்குள் வேறொருவர் 108க்குச் சொல்லிவிட வேண்டும். பொருள் கண்ணுக்குத் தெரியாதபோது வாயில் விரலை விட்டுத் துழாவக் கூடாது.

ஒரு மணிக்கு வந்த அக்காவிடம் அத்தையே நடந்ததைச் சொன்னார். "ஒரு கொழந்தையப் பாத்துக்கத் துப்பில்ல. தூங்குமூஞ்சி!" என்றாள் அக்கா. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவள் சொன்னது சரி என்றே நானும் நம்பினேன். பொறுப்பு இருந்தால் தூக்கம் வருமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

இக்கேள்விக்கு உடலியல் தரும் விடை, 'வரும்' என்பதே. 1982ஆம் ஆண்டில் சூரிச் நகரத்து ஆய்வாளர் போர்பெலி, தூக்கத்தை இரண்டு செயல்கள் ஆள்கின்றன என்று விளக்கினார். ஒன்று, விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் ஏறிக்கொண்டே போகும் தூக்க அழுத்தம். செல்கள் ஆற்றலுக்காக ஏ.டி.பி. என்ற மூலக்கூறை உடைத்துப் பயன்படுத்துகையில் மூளையில் சேரும் அடினோசின் இவ்வழுத்தத்திற்கு ஒரு முக்கியக் காரணம். தூங்கினாலன்றி அது இறங்காது. தேநீர் குடித்தால் இறங்குமே எனலாம்; இறங்காது. தேநீரில் உள்ள காஃபீன், அடினோசின் சென்று அமரவேண்டிய இடத்தில் தான் அமர்ந்துகொள்கிறது, அவ்வளவே. காஃபீன் விலகியதும் காத்திருந்த அடினோசின் வந்து அமர்கிறது.

மற்றொன்று உயிர்க்கடிகாரம். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் சுமார் 20,000 நரம்புச் செல்கள் கொண்ட ஒரு சிறு திரள் இக்கடிகாரமாக இயங்குகிறது. கண் வழியே வரும் ஒளியைக் கொண்டு அது நேரத்தைத் திருத்திக்கொள்கிறது. இருட்டியதும் கூம்புச் சுரப்பியை மெலடோனின் சுரக்கச் செய்கிறது. செல்லுக்குள் இக்கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதை, நம் ஆய்வுக்கூடத்துப் பாட்டில்களில் வளரும் அதே பழ ஈக்களைக் கொண்டு கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி, பதின்வயதினர்க்கு வருவோம். 1976ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் மேரி கார்ஸ்கடன் என்ற ஆய்வாளர் சிறுவர் சிறுமியரைக் கோடைதோறும் அழைத்துத் தூங்கவைத்து அளந்தார். வயது ஏற ஏறத் தூக்கத் தேவை குறையும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. அளந்து பார்த்தபோது குறையவில்லை. வேண்டிய நேரம் படுக்கக் கொடுத்தபோது சிறியவர்களும் பெரியவர்களும் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தூங்கினர். அதற்கு மேலும், பருவம் எய்தியவர்களுக்கே பகலில் அதிகத் தூக்கம் வந்தது. பின்னர் நடந்த ஆய்வுகளில் வேறொன்றும் தெரிந்தது. பூப்புப் பருவத்தில் உயிர்க்கடிகாரம் இரண்டு மணி நேரம் வரை பின்னுக்குப் போய்விடுகிறது. முன்னிரவில் தூக்கம் வராது, விடியலில் விழிப்பு வராது. 13 முதல் 18 வயது வரை நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் வரையறுத்தது. பதினாறு வயதில் நான் தூங்கியது ஐந்தரை மணி நேரம். அக்கா இரண்டு ஷிப்டு பார்த்த நாளில் நான்குகூட இல்லை.

"முன்னிரவில் தூக்கம் வராத வயதென்றால் பத்தரைக்கு நீ எப்படித் தூங்கினாய்?" என்று நண்பர்கள் மடக்கக் கூடும். கடன்தான் காரணம். 2003இல் வான் டாங்கென் குழுவினர், இரவுக்கு ஆறு மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டுச் சிலரைப் பதினான்கு நாள் சோதித்தனர். அவர்களுடைய கவனம், ஓர் இரவு அடியோடு தூங்காதவர்களின் நிலைக்கு இறங்கியிருந்தது. இதைவிட அஞ்சத்தக்க செய்தி, அவர்களுக்கு அது தெரியவில்லை என்பது. தாங்கள் ஓரளவு நன்றாகவே இருப்பதாக மதிப்பிட்டுக்கொண்டார்கள். இத்தகைய கடனில் உள்ளவரின் மூளை சில நொடிகளுக்குத் தானே அணைந்துவிடும். கண்ணை மூடிய நினைவு எனக்கு இல்லாமற் போனதற்குப் பொருள் இப்போது விளங்குகிறது.

1997இல் 'நேச்சர்' இதழில் டாசன், ரீட் என்ற இருவர் வெளியிட்ட கணக்கு ஒன்றுண்டு. பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கைத்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் நிலைக்குத் தாழ்கிறது என்பது அது. நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் வண்டி ஓட்டுபவருக்கு வைத்துள்ள எல்லை 0.03 விழுக்காடு. விடிய ஐந்திலிருந்து இரவு பத்தரை வரை எத்தனை மணி என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். குடித்தவர் கையில் குழந்தையைக் கொடுக்க எங்கள் சந்தில் ஒருவரும் துணியமாட்டார்கள்.

வீட்டின் அமைப்பும் இதில் சேர்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிர்க்கடிகார ஆய்வை வளர்த்த பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன் அவர்களும் அவர்தம் மாணவர்களும் 1981இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு மிகப் பிடித்தது. பகல் இரவு தெரியாத குகை இருளில் வௌவால்களைக் கூண்டில் அடைத்து வைத்தார்கள். ஒளியே இல்லாதபோதும், சுற்றிலும் சுதந்திரமாகப் பறந்து சென்று வரும் தம் இனத்தின் நடமாட்டத்தைக் கொண்டே அவை நேரம் காத்தன. மனிதருக்கு ஒளியே பெரிது. எனினும் ஐந்து பேர் ஐந்து நேரத்தில் வந்து போய், விளக்கு ஒரு மணி வரை எரியும் ஒற்றை அறையை நினைத்துக்கொண்டேன். அதில் வளரும் குழந்தையும் பத்தரைக்குப் பட்டன் பொறுக்கும். ஒன்று முதல் இரண்டு வயது வரை, பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் அது தூங்க வேண்டும்.

குழந்தைக் காப்பகம் இல்லையா என்று கேட்கலாம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 48ஆம் பிரிவு, 1976இல் செய்த திருத்தத்துக்குப் பின், முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று விதித்தது. அக்கா வேலை செய்த பட்டறையில் பெண்கள் எட்டுப் பேர். 1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள் பெரும் நன்மை செய்கின்றன. ஆனால் இரவில் அவை இல்லை. எட்டுப் பேர் பட்டறைக்கும் இரவு ஒரு மணிக்கும் இடையே விழும் குழந்தையைப் பிடிக்க நிற்பது, பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்.

சென்ற ஆண்டு இவற்றையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். மதுக் கணக்கைச் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப ரெண்டு ஷிப்டு அடிக்கற நாங்கல்லாம் குடிகாரிங்களா அம்மிணி?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அன்று ஒரு மணிக்கு வந்து என்னைத் திட்டியவளும் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் விழித்திருந்தவள் என்பது அதுவரை என் கணக்கில் சேரவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் சில மாறுதல்கள் உண்டு. பட்டன், ஊசி, பிசிறு வெட்டும் கத்தரி எல்லாம் பரண் மேல் போயின. தண்ணீர் டிரம்முக்கு மூடி போட்டு மேலே கல் வைத்தோம். சிறு குழந்தை வாளித் தண்ணீரிலும் மூழ்கும், அதுவும் சத்தமின்றி. நான் கல்லூரி விட்டு வந்ததும் இருபது நிமிடம் படுக்கிறேன். அதற்கு மேல் தூங்கினால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழும் மந்தம் அரை மணி வரை விடாது. எழுந்து முகம் கழுவிய பிறகே பையனை அம்மா என்னிடம் விடுகிறாள். இரவு ஒன்பதரைக்கு மேல் பையன் அண்ணனின் பொறுப்பு. இதற்கு இரண்டு மாதம் வாதாட வேண்டியிருந்தது. "எனக்குக் கண்ணக் கட்டுது" என்று யார் சொன்னாலும் காரணம் கேட்காமல் அடுத்தவர் குழந்தையை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அக்கா போட்ட விதி. பட்டறையில் மெஷினை அப்படித்தான் மாற்றிக்கொள்வார்களாம்.

அம்மாவும் அண்ணனும் அக்காவும் ஒரே நாளில் இரண்டு ஷிப்டுக்குப் போகும் இரவுகள் மாதத்தில் மூன்று நான்கு வரும். எனக்கு மறுநாள் தேர்வும் இருக்கும். அந்த இரவுகளில் பக்கத்து வீட்டு அத்தை தம் பாயை எங்கள் திண்ணைக்குக் கொண்டுவந்து போட்டுக்கொள்கிறார். அவருக்கு வயது அறுபத்தெட்டு.