ஏலத்தில் போன பெட்டிகள்

கேள்வி: உயிரோடு இருந்தவரை ஒளித்துவைத்ததைச் செத்தபின் ஊருக்குக் காட்டுவது நியாயமா?

பதில்: சிகாகோவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக இருந்த விவியன் மேயரைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு லட்சத்துக்கும் மேல் படம் எடுத்தவர். கடைகளில் பெயரைக்கூட மாற்றிச் சொல்வாராம். கிடங்கு வாடகை பாக்கிக்காக 2007இல், நெகட்டிவ்கள் இருந்த அவர் பெட்டிகள் ஏலம் போனபோது அவர் உயிரோடுதான் இருந்தார். 2009இல் இறந்தார், புகழெல்லாம் அதற்குப் பிறகு.

படங்களைக் காட்டியதில் எனக்குக் குறையில்லை. பிரான்சில் ஒரு ஸ்டூடியோக்காரருக்கு, அச்சிட்டுத் தர முடியுமா என்று அவரே எழுதியிருக்கிறார். ஆனால் 2013இல் வந்த ஆவணப்படம் அவருடைய கோட்டு, ரசீதுவரை பரப்பிவைத்ததே, அது எதற்கு? 2014இல் காப்புரிமை வழக்கும் கிளம்பியது. நெகட்டிவை வாங்கியவருக்கு அச்சிட்டு விற்கும் உரிமை தானாக வந்துவிடாது, பாருங்கள்!