வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்

மெஷினுக்குக் கண் கிடையாது. மரம் எது, விரல் எது என்று அதற்குத் தெரியாது.

திருவனந்தபுரத்தில் மர மில்கள் உண்டு. அச்சகங்கள் உண்டு. கடலோர ஊர்களில் தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுக்கும் மெஷின்கள் உண்டு. நாகர்கோவில் பக்கமிருந்து வந்து வேலை செய்யும் தமிழர்களும் இங்கே இருக்கிறார்கள்.

விபத்து ஏன் நடக்கிறது?

ஓடும் பெல்ட்டுக்கும் பல்சக்கரத்துக்கும் மூடி இருக்க வேண்டும். இந்தியாவில் 1881-இல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டமே இதைச் சொன்னது. ஆனாலும் வேலை வேகமாக நடக்கட்டும் என்று சில இடங்களில் மூடியைக் கழற்றி வைக்கிறார்கள். மெஷின் ஓடும்போதே துடைக்கிறார்கள். தொங்கும் துண்டும் சேலைத் தலைப்பும் மெஷினில் சிக்குகின்றன.

மெஷினை நிறுத்துங்கள். ஸ்விட்சை அணையுங்கள். அதன் பிறகு கை வையுங்கள்.

விபத்து நடந்துவிட்டால்?

காயத்தின் மேல் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். விரல் துண்டாகி விழுந்திருந்தால் அதை எறியாதீர்கள். ஈரமான சுத்தத் துணியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். விரலில் ஐஸ் நேராகப் படக்கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வேலையில் அடிபட்டது என்று டாக்டரிடம் சொல்லி எழுத வையுங்கள்.

பிறகு என்ன? ஒரு மர மில்லில் இப்படி நடந்ததாக வைத்துக்கொள்வோம். தொழிலாளிக்கு வயது 40. மாதச் சம்பளம் 10,000 ரூபாய். அறுப்பு மெஷினில் கட்டைவிரல் போய்விட்டது. கூட வேலை செய்யும் தம்பி பார்க்க வருகிறார்.

“முதலாளி ஆஸ்பத்திரிச் செலவு கொடுத்துட்டாரு தம்பி. மேலே ஐயாயிரம் தர்றேன்னாரு. ஒரு தாள்ல கையெழுத்துப் போடணுமாம்.”

“தாள்ல என்ன எழுதியிருக்கு அண்ணாச்சி?”

“மலையாளத்துல இருக்கு. எனக்கு என்ன தெரியும்?”

“அப்பப் போடாதீங்க. ‘இனி ஒண்ணும் கேக்க மாட்டேன்’னு அதுல இருந்தா என்ன செய்வீங்க?”

“நான்தான் கவனம் தப்பிட்டேன். எந்த முகத்தோட கேக்கிறது?”

“கவனம் தப்பினாலும் நஷ்டஈடு உண்டு அண்ணாச்சி.”

தம்பி சொன்னது சரி. வேலையில் அடிபட்டவருக்கு முதலாளி நஷ்டஈடு தர வேண்டும் என்று 1923-இல் சட்டம் வந்தது. அந்த உரிமை இப்போது 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. இது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது.

கவனக்குறைவு என்று சொல்லி நஷ்டஈட்டை மறுக்க முடியாது. மூன்று காரணங்களால்தான் மறுக்கலாம். குடித்திருந்தது, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றியது. உயிர் போயிருந்தாலோ, உழைக்கும் சக்தி முழுவதும் நிரந்தரமாகப் போயிருந்தாலோ, அந்தக் காரணங்களையும் சொல்ல முடியாது.

எவ்வளவு கிடைக்கும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சம்பளம் 10,000 ரூபாய். அதில் 100-க்கு 60 பங்கு, 6,000 ரூபாய்.
40 வயதுக்குச் சட்டம் தரும் எண் 184.17.
6,000 × 184.17 = 11,05,020 ரூபாய்.
இது உழைக்கும் சக்தி முழுவதும் போனவருக்கு.
கட்டைவிரல் போனால் 100-க்கு 30 பங்கு.
அது 3,31,506 ரூபாய். மருத்துவச் செலவு தனி.

ஐயாயிரம் எங்கே, மூன்று லட்சத்து முப்பத்தோராயிரம் எங்கே?

பட்டியலில் உள்ள பங்கே முடிவும் அல்ல. 1968-இல் ஒடிசாவில் ஒரு தச்சர் சினிமாக் கொட்டகை வேலையில் விழுந்து இடது கையை இழந்தார். ஒரு கைதானே போனது, முழு நஷ்டஈடு எதற்கு என்று முதலாளி வழக்காடினார். ஒரு கையால் தச்சுவேலை செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1975-இல் சொன்னது. முழு நஷ்டஈடு உறுதியானது.

உங்கள் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? அப்படியானால் நஷ்டஈட்டை முதலாளி தருவதில்லை, இ.எஸ்.ஐ. தருகிறது. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் ஏறக்குறைய 100-க்கு 90 பங்கு கிடைக்கும். ஊனம் நிரந்தரமானால் ஆயுள் முழுவதும் பணம் வரும். சிகிச்சைக்குப் பேரூர்க்கடையில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. விபத்தை மில்லின் விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

யாரிடம் போவது?

மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போங்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் மனுக் கொடுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையா? தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் பெண்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் பேசுங்கள்.

மலையாளம் எழுத வராதே என்று தயங்க வேண்டாம். கேரளத்தின் தமிழ்ச் சிறுபான்மை மக்கள் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழிலேயே எழுதலாம். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இதற்கு இடம் தருகிறது. தொழிலாளர் துறைத் தலைமை அலுவலகமும் தொழிற்சாலைகள் துறைத் தலைமை அலுவலகமும் திருவனந்தபுரத்திலேயே இருக்கின்றன.

நஷ்டஈட்டு உரிமையை விட்டுவிடுவதாக எழுதி வாங்கினாலும் சட்டப்படி அது செல்லாது. ஆனால் “விபத்து மில்லில் நடக்கவில்லை” என்ற தாளில் நீங்கள் கையெழுத்துப் போட்டால்? பிறகு உண்மையை நிரூபிப்பது பெரும்பாடு. வெள்ளைத் தாளில் போட்டால், எதையும் எழுதிக்கொள்ளலாம்.

கைநாட்டு வைத்த காலத்தில் தாளில் என்ன இருக்கிறது என்று தெரியாது. இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும். படித்த பிறகு போடுங்கள். புரியாத மொழி என்றால், நம்பிக்கையானவரைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

எழுதிப் பழகுங்கள்

உங்கள் வேலையிடத்தில் ஒரு விபத்து நடந்ததாக நினைத்து, இவற்றை ஒரு தாளில் எழுதுங்கள்.

1. எந்த நாள்? எத்தனை மணி?
2. எந்த இடம்? எந்த மெஷின்?
3. எப்படி நடந்தது?
4. பார்த்தவர்கள் யார் யார்?
5. எந்த ஆஸ்பத்திரி?

உண்மையில் விபத்து நடந்தால் இப்படி எழுதி, ஒரு பிரதி எடுத்து வீட்டில் பத்திரமாக வையுங்கள்.

பேசிப் பாருங்கள்

உங்கள் மெஷினுக்கு மூடி இருக்கிறதா? இல்லை என்றால் யாரிடம் கேட்பீர்கள்? தனியாகக் கேட்பீர்களா, சேர்ந்து கேட்பீர்களா?